பட்டம் பெற்றோரைத் தேடியறிதல்: பிரிட்டன் காட்டும் ஒரு வழி

கல்வியின் பயனை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினா இறையியல் கல்லூரிகளுக்கு மட்டும் உரியதன்று. பட்டம் பெற்றுச் சென்றோர் எங்கே, எப்பணியில் உள்ளனர் எனத் தேடியறியும் ஒழுங்கினைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இன்று மேற்கொண்டுள்ளன. அவற்றுள் பிரிட்டனில் நடைபெறும் முறை மிக விரிவானது. அதன் அமைப்பையும், அது எழுப்பும் சிக்கலையும் இங்குக் காண்போம்.

1. துணைபுரியும் பணி

பட்டதாரிகளுக்குத் தக்க வேலை தேடித் தருவதற்கென ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 1892-இல் ஒரு குழுவை ஏற்படுத்தியது. பிற பல்கலைக்கழகங்களும் காலப்போக்கில் இவ்வழியில் சென்றன. இப்பணியில் ஈடுபட்டோர் 1967-இல் தமக்கென ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் வேலை கொடுப்போரையும் வேலை தேடுவோரையும் இணைப்பதே முதன்மையான நோக்கமாயிருந்தது. பின்னர் மாணவர் தம் திறமையையும் நாட்டத்தையும் தாமே உணர்ந்து முடிவெடுக்கத் துணைநிற்பதும் அதனோடு சேர்ந்தது. விண்ணப்பம் எழுதுதல், நேர்முகத் தேர்வுக்குப் பயிலுதல், படிக்கும்போதே சில வாரம் ஓரிடத்தில் பணிசெய்து பழகுதல் ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கிறது. பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் சென்ற பின்னும் இவ்வுதவியை நாடப் பல பல்கலைக்கழகங்கள் இடமளிக்கின்றன.

2. தேடியறியும் முறை

2016-17 கல்வியாண்டில் படிப்பை முடித்தோர் வரை, ஏறக்குறைய ஆறு மாதங்கள் கழித்துப் பல்கலைக்கழகங்களே தத்தம் மாணவரை விசாரித்து விவரம் சேர்த்தன. இதில் இரு குறைகள் இருந்தன. ஆறு மாதத்தில் பலர் இன்னும் நிலைபெற்றிருப்பதில்லை. மேலும், தன் நற்பெயரைப் பாதிக்கும் கணக்கைப் பல்கலைக்கழகம் தானே எடுப்பது ஐயத்திற்கு இடந்தந்தது. ஆகவே 2017-18-இல் முடித்தோர் முதற்கொண்டு புதிய ஆய்வு தொடங்கப்பட்டது. உயர்கல்விப் புள்ளியியல் நிறுவனம் இதனை ஒரே மையத்திலிருந்து நடத்துகிறது. படிப்பு முடிந்து ஏறக்குறைய 15 மாதங்கள் கழித்து மின்னஞ்சல், தொலைபேசி வாயிலாக வினாக்கள் கேட்கப்படுகின்றன.

வேலையும் ஊதியமும் மட்டுமன்றி, வேறு மூன்று வினாக்களும் உண்டு. இப்போது செய்வது பொருளுள்ளதாகத் தோன்றுகிறதா? எதிர்கால நோக்கத்திற்கு ஏற்றதா? கற்றதை அதில் பயன்படுத்த முடிகிறதா? இவை எண்ணிக்கையினும் ஆழமானவை என்பதை நாம் மறுக்க இயலாது.

இவ்வாய்வுக்குப் பலர் மறுமொழி தருவதில்லை. இங்கிலாந்தின் கல்வித்துறை மற்றொரு வழியையும் கையாள்கிறது. கல்விப் பதிவேடுகளை வருமானவரிப் பதிவேடுகளோடு இணைத்து, பட்டம் பெற்ற 1, 3, 5, 10 ஆண்டுகளுக்குப் பின் ஈட்டும் வருவாயை அது கணக்கிடுகிறது. மறுமொழிக்குக் காத்திராத முறை இது. ஆயினும், குறைந்த வருவாய் பெறுபவர் முழுநேரம் உழைப்பவரா, பகுதிநேரம் உழைப்பவரா என்பதை அது காட்டுவதில்லை.

3. அளவுகோல் எழுப்பும் சிக்கல்

செய்தி சேர்ப்பதோடு காரியம் நிற்பதில்லை. இங்கிலாந்தின் உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் அலுவலகம் 2022-இல் ஒரு வரம்பு விதித்தது. முழுநேர முதற்பட்ட மாணவருள் 60 விழுக்காட்டினரேனும் படிப்புக்குப் பின் நல்ல நிலையை அடைந்திருத்தல் வேண்டும் என்பதே அது. வரம்பை எட்டாத கல்லூரி விசாரணைக்கு உட்படலாம். நல்ல நிலை என்பது யாது? உயர்தொழில், நிர்வாகப் பணி, மேற்படிப்பு ஆகியவற்றோடு, வீட்டிலிருந்து உற்றாரைப் பேணுவதும் அதில் அடங்கும். ஆனால் ஊதியம் பெற்று முதியோரைப் பேணும் பணியாளர் அக்கணக்கில் வருவதில்லை. தம் பணி பொருளுள்ளது என்று அவர் முழுமனதோடு கூறினும், வரம்பைக் கணிக்கையில் அம்மறுமொழி எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

குருமாரின் நிலையும் கருதத்தக்கது. பிரிட்டனின் தொழில் வகைப்பாட்டில் குருமார் உயர்தொழிலினருள் வைக்கப்பட்டுள்ளனர். எனவே தொழிலை வைத்து அளந்தால் குருவானவர் கல்லூரிக்குப் பெருமை சேர்ப்பவர்; வருவாயை வைத்து அளந்தால் அதன் சராசரியைக் குறைப்பவர். மனிதரும் பணியும் மாறவில்லை; அளவுகோலே மாறிற்று. ஓர் அளவுகோல் தண்டனைக்கு அடிப்படையாகும்போது, எளிதில் கணக்கிற்கு வராத பணிகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் துறைகள் நலியும் இடர் உண்டு.

4. நாம் கருத வேண்டுவன

இக்காரணத்தால் தேடியறிதலே வேண்டா என்று முடிவு செய்வது தவறாகும். தேடாத நிறுவனம் வெற்றி பெற்றோரை மட்டுமே நினைவில் கொள்ளும். வழி தவறி நிற்போர் அதன் கண்ணுக்குத் தென்படார். திருச்சபை அனுப்பிப் படித்தவர் எச்சபையில் ஊழியம் செய்கிறார் என்பதை நாம் அறிவோம். எவருடைய பரிந்துரையுமின்றித் தம் விருப்பத்தால் வந்து பயின்று, பட்டத்தோடு பணியிடமின்றி நிற்பவரைக் குறித்து நாம் அறிவது எவ்வளவு? இவரைத் தேடிச்செல்லும் கடமை யாருடையது?

ஆகவே பிரிட்டனின் முறையிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று எனலாம். ஆண்டொன்று கடந்த பின்னராவது ஒவ்வொருவரையும் தேடிக் கேட்டல்; ஊதியத்தோடு பணியின் பொருளையும் கேட்டல்; கேட்டறிந்ததைப் பட்டியலிடுவதற்கு முன், இடர்ப்படுவோர்க்கு உதவப் பயன்படுத்தல். இம்மூன்றனுள் இறுதியானது இல்லையெனில் ஏனைய இரண்டும் வெறுங்கணக்காய் முடியும்.