தாயக்கட்டைக்கு நினைவு கிடையாது

வைகுண்ட ஏகாதசி விடியலில் ஸ்ரீரங்கம் கோயிலின் உற்சவர் நம்பெருமாள் ரத்னாங்கியோடு பரமபத வாசலைக் கடப்பார். அதுவரை கண்விழிக்க ஸ்ரீரங்கத்து வீடுகளுக்குத் தலைமுறைகளாக ஒரு துணை உண்டு: பரமபத சோபான படம். அடியில் விலங்குகள், மேலே தேவலோகங்கள், உச்சியில் வைகுண்டம்; இடையிடையே ஏணிகள், அசுரர் பெயர் தாங்கிய பாம்புகள். ஒரு தாளுக்குள் முழுப் பிரபஞ்சம். அதை இயக்குவதோ இரண்டு பித்தளைக் கட்டைகள்.

அந்தக் கட்டைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். ஒன்றும் வெறுமையும் சேர்ந்தால் தாயம். அதற்கு 2 வழிதான், அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. அது 16-ல் ஒன்று. தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்று ஆடுகிற வீட்டில், எட்டு முறை உருட்டியும் தாயம் விழாதவர்கள் ஏறக்குறைய மூவரில் ஒருவர். ஒன்பதாம் முறையாவது பலிக்குமா? அப்போதும் அதே எட்டில் ஒன்றுதான். காத்திருந்தவர் மேல் கட்டைக்கு இரக்கம் பிறப்பதில்லை.

படமும் அப்படித்தான். காய் இப்போது நிற்கும் கட்டம் ஒன்றே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. உச்சி வரை போய்ப் பாம்பின் வாயில் விழுந்து வந்தவருக்கும், முதல்முறையாக அதே கட்டத்துக்கு வந்தவருக்கும் இனிமேல் உள்ள வாய்ப்பில் மயிரிழை வேறுபாடு இல்லை. அடுத்த அடி இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்திருக்கும் இத்தகைய நிகழ்வுச் சங்கிலிகளை 1906-ல் ஆராயத் தொடங்கிய ரஷ்யக் கணிதர் ஆந்திரேய் மார்க்கோவின் பெயரையே அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குத் தீராத வியப்பு. செய்த வினை செய்தவனைத் தொடரும் என்று சொல்லித்தர வந்த ஆட்டம், எதையுமே தொடரவிடாத ஓர் இயந்திரத்தின் மேல் ஓடுகிறது! விட்டுப்போன நினைவைக் கதைதான் நிரப்புகிறது. காய் சறுக்கியதும் பாட்டி ஆரம்பிப்பாள்: இந்த அசுரன் யார், எதற்காகத் தவமிருந்தான், எந்தக் கர்வத்தில் கெட்டான். தற்செயலாக விழுந்த எண்ணுக்கு ஒரு காரணம் வந்து சேர்ந்துவிடும்.

1987-ல் பிரிட்டனில் வெளிவந்த ‘வார்ஹாமர் 40,000’ என்ற விண்வெளிப் போர் விளையாட்டிலும் பகடைதான் விதி. மந்திரமும் எந்திரமும் கலந்த அந்த உலகத்தை நூற்றுக்கணக்கான நாவல்கள் விரித்துக்கொண்டே போகின்றன. மேஜையில் ஒரே உருட்டலில் மடிகிற சிப்பாய்க்கு நாவலில் ஊர் இருக்கிறது, பழைய பகை இருக்கிறது, சாவுக்கு அர்த்தமும் இருக்கிறது. பாட்டி செய்ததும் இதே வேலைதான். அச்சகம் மட்டும் இல்லை.

மார்க்கோவும் கடைசியில் கதையிடம்தான் வந்தார். 1913-ல் புஷ்கினின் செய்யுள் நாவலில் 20,000 எழுத்துகளை எண்ணினார். அவற்றில் உயிரெழுத்துகள் 43 சதவீதம். ஆனால் ஓர் உயிரெழுத்தை அடுத்து இன்னோர் உயிர் வருவது 13 சதவீதம்தான். மெய்யை அடுத்து வருவதோ 66. பித்தளைக் கட்டையில் இல்லாத நினைவு, அந்தக் கதையின் எழுத்துகளிலேயே இருந்தது.