செல்ஃப் அடிக்காத பழைய டிராக்டர்: ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் இருபது முப்பது வருடத்து டிராக்டர்கள் இன்னும் உழுதுகொண்டிருக்கின்றன. அவை மக்கர் செய்வதும் உழவு நேரத்தில்தான். சாவியைத் திருகினால் ஒரு 'டக்', அதோடு சரி. உடனே ஒருவர் கீழே இறங்கி, பெரிய சக்கரத்துக்கு முன்னால் நின்றபடி செல்ஃப் மோட்டாரின் முனைகளில் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைப்பார். பொறி பறக்கும், எஞ்சின் பிடிக்கும். கியரில் விட்டிருந்தால் வண்டியும் நகரும். அவர் நிற்பது பின்சக்கரம் உருண்டு வரும் வழியில். ஏறிப்போய் ஸ்டாப் குமிழை இழுக்க அவகாசம் இருக்காது.

சொந்த டிராக்டரின் சக்கரத்தில் இப்படிச் சிக்கி உயிர்விடுவது உலகம் முழுக்க நடக்கும் விபத்து. அதைத் தடுக்கத்தான் பல மாடல்களில், நியூட்ரலில் இருந்தாலோ கிளட்ச்சை மிதித்தாலோ மட்டும் செல்ஃப் அடிக்கும்படி ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் அந்தக் காவலைத் தாண்டிப் போகிறது. 'தொல்லை' என்று யாராவது அந்த ஸ்விட்ச்சின் ஒயரை முறுக்கி இணைத்திருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

நம் ஊர் டிராக்டர்கள் டீசலில் ஓடுபவை. ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில்தான் டீசல் பற்றுகிறது. எனவே 'இக்னிஷன் போச்சு' என்று யாராவது சொன்னால், செல்ஃப் சுற்றவில்லையா, சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு வியாதி.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகிப் பாருங்கள். வெளிச்சம் அணைந்தே போனால் பேட்டரியையோ டெர்மினலையோ சந்தேகிக்கலாம். வெளிச்சம் அப்படியே இருந்து சத்தமும் இல்லையென்றால் ஸ்விட்ச், சொலினாய்டு, அவற்றுக்குப் போகும் ஒயர். நிறைய வண்டிகளில் குற்றவாளி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த டெர்மினல்தான். அல்லது சேஸிஸில் துருவேறிய எர்த் இணைப்பு. வெந்நீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் தீருகிற வேலைக்குப் புது பேட்டரி வாங்குவது வீண் செலவு. கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி கூடாது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது தெரிந்ததே. அந்த போர் தண்ணீரைப் பேட்டரியில் ஊற்றினால் அதன் ஆயுள் குறையும். டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் சைலன்சரில் துளிப் புகை இல்லையா? டீசல் போகவில்லை. ஸ்டாப் குமிழின் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தால் பம்ப் டீசலை விடாது. பார்க்க ஒரு நிமிடம் போதும். அடுத்து ஃபில்டர், ஏர் லாக். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காவிட்டால் அது பட்டறை வேலை. ஏர் கிளீனரில் பெட்ரோல் துணியைக் காட்டும் வித்தை மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

இனி பணத்துக்கு வருவோம். வாரண்டி காலத்திலேயே பேட்டரி படுத்துவிட்டது, கடைக்காரர் கைவிரிக்கிறார். 'டிராக்டர் தொழிலுக்கானது, நீங்கள் நுகர்வோர் இல்லை' என்றால் நம்பாதீர்கள். தன் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான். விவசாயிகளும் நுகர்வோரே என்று 2012-ல் ஒரு விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆள் வைத்துப் பல வண்டிகளை வாடகைக்கு விடுபவர் கதை வேறு. கூலி வாங்கிச் செய்யும் பட்டறை வேலையும் சட்டத்தில் 'சேவை'தான். கழற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

செத்த பேட்டரியைக் காயலாங்கடையில் போடாதீர்கள். முறையின்றி உடைத்து உருக்கினால் ஈயம் மண்ணிலும் காற்றிலும் கலக்கும். முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை வளர்ச்சி. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே அதைக் கொடுத்து, அதன் விலையைப் பில்லில் கழித்து எழுதச் சொல்லுங்கள்.