விதை மறந்த மிளகு

மிளகு என்றதும் நம் நினைவுக்கு வருவது முள்முருக்கையைப் பற்றி ஏறும் கொடிதான். வெற்றிலையும் கொடி, திப்பிலியும் நிலத்திலே படரும் கொடி. இம்மூன்றும் 'பைப்பர்' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட அந்தப் பெருங்குலத்திலே, எந்தக் கொழுகொம்பையும் நாடாது தன் காலிலே நிமிர்ந்து நிற்கும் பற்றைச் செடிகளும் ஏராளம். அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். பசுபிக் தீவுகளில் அதன் பெயர் கவா. கசப்பு என்பதே அச்சொல்லின் பொருள்.

ஆளுயரத்துக்குச் சற்று மேலே வளரும் செடி இது. தண்டு மூங்கிலைப்போலக் கணுக்கணுவாகப் பருத்திருக்கும். சில வகைகளில் தண்டு பச்சை, சிலவற்றில் கருமை, இன்னும் சிலவற்றில் புள்ளி விழுந்தது. இலையைப் பார்த்தால் நம்மவர் யாரும் வெற்றிலை என்றே கைநீட்டுவர். அதே இதய வடிவம், காம்படியிலிருந்து விரிந்தோடும் அதே நரம்புகள். பூக்களுக்கு இதழ் கிடையாது. மெல்லிய கதிரொன்றிலே கண்ணுக்குத் தெரியாத அளவில் நெருங்கி இருக்கும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு.

இனித்தான் விசித்திரம். பெண் செடி பூப்பதே அரிது. பூத்தாலும், மனிதன் தன் கையாலே மகரந்தத்தை எடுத்துத் தூவினாலும், காய் பிடிப்பதில்லை. காயில்லை, விதையில்லை. கணுவுள்ள தண்டுத் துண்டை யாரேனும் வெட்டி மண்ணிலே புதைத்தால்தான் அடுத்த செடி உண்டு. கொழுகொம்பு வேண்டாத இந்த மிளகுக்கு மனிதக் கை வேண்டியிருக்கிறது.

இதற்கு விதையுள்ள காட்டு உறவொன்று நியூகினி, சொலமன், வனுவாட்டுத் தீவுகளிலே இருக்கிறது. அதிலிருந்து வீரியமான செடிகளைத் தெரிந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாகத் தடி வெட்டி நட்டுவந்த வனுவாட்டு மக்களின் கைவண்ணமே கவா என்பது வின்சன்ற் லெபொற் முதலான ஆய்வாளரின் முடிவு. அங்கிருந்து அது தோணியேறிப் பிஜி, ரொங்கா, சமோவா எனக் கடல் கடந்து ஹவாய் வரை சென்றது. காற்றும் பறவையும் கொண்டுபோகாத செடியை மாலுமிகள் கொண்டுபோனார்கள்.

கப்டன் குக்கின் இரண்டாம் பயணத்திலே (1772–1775) உடன் சென்ற இளைஞர் ஜோர்ஜ் போர்ஸ்ரர், இதற்கு 1786இல் 'பைப்பர் மெதிஸ்ரிக்கம்' என்று பெயரிட்டார். வெறியூட்டும் மிளகு என்று பொருள். பெயர் சற்று அநியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. வேரை இடித்து நீரிலே பிசைந்து வடிக்கும் அப்பானம் புளிக்க வைக்கப்படுவதில்லை. அதில் மதுசாரமும் இல்லை. நாக்கும் உதடும் மரத்துப்போகும், மனம் அடங்கும். அவ்வளவுதான். முற்காலத்திலே இளையவர்கள் வேரை மென்று கொடுப்பதும் வழக்கமாயிருந்தது. அதைக் கண்ட ஐரோப்பியர் முகஞ்சுழித்தனர்.

பாதிரிமார் முகஞ்சுழித்ததோடு நிற்கவில்லை. தாஹித்தியிலே குடிக்கும் வழக்கத்தை ஒழிக்க முயன்றார்கள். வழக்கம் அழியவே செடியும் அநேகமாக அழிந்தது. மற்றச் செடியென்றால் கைவிட்டாலும் காடாகிப் பிழைத்துக்கொள்ளும். இதற்கு அந்த வழியில்லை.

நியூசிலாந்துக் கதை வேறு. அங்கு சென்ற மயோரி மக்களின் முன்னோருக்கு அக்குளிரிலே கவா வளரவில்லை. ஆனால் அதே மிளகுக் குலத்திலே, அதே இதய இலையோடு ஒரு செடியை அங்கே கண்டார்கள். அதற்குக் 'கவகவா' என்று பெயர் வைத்தார்கள். செடி வராத இடத்துக்குப் பெயர் மட்டும் வந்து சேர்ந்தது.

பிஜியிலே இதற்கு 'யங்கோனா' என்று பெயர். ஊருக்கு வரும் விருந்தாளி கவா வேரைக் கொண்டுவந்து வைத்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். நாம் தாம்பூலம் வைப்பதை இது நினைவூட்டவில்லையா? அதுவும் பைப்பர், இதுவும் பைப்பர். வெற்றிலையும் தடி வெட்டி நடப்படுவதே. 1903 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர் – பாரதி யாருக்காக அழுதாரோ அவர்கள் – அந்நாட்டிலே இந்தக் கசப்பையும் பழகிக்கொண்டார்கள். இன்று பிஜி இந்தியர் வீட்டுத் திண்ணைகளிலும் சிரட்டை கைமாறுகிறது.

நட்டு மூன்று நான்கு ஆண்டுகளின் பின் செடியை வேரோடு கிளப்புவார்கள். வேர் குடிப்பதற்கு. மேலே உள்ள தண்டைக் கணுவோடு துண்டாக்கி மறுபடியும் மண்ணிலே கிடத்துவார்கள்.