தண்ணீரில் ஆடினாலும் வெயில் விடாது!

"பரீட்சை முடிஞ்சிருச்சு, தீம் பார்க் எப்பப்பா?" ஏப்ரல், மே மாதங்களில் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் ஆகட்டும், சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்கள் ஆகட்டும், கூட்டம் சேருவது கோடை விடுமுறையில்தான். வெயில் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

"தண்ணிக்குள்ளதானே இருக்கோம், வெயில் என்ன பண்ணும்?" என்று நினைக்கிறோம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். உடம்பு நனைந்திருக்கும்போது வேர்ப்பது தெரியாது, தாகமும் சரியாகத் தெரியாது. ஆனால் படி ஏறி, வரிசையில் நின்று, ஓடி ஆடுவதில் உடம்பிலுள்ள நீரும் உப்பும் குறைந்துகொண்டே போகும்.

நேரத்தைப் பிரிச்சுக்குங்க

முதல் நாளே டி.என். அலர்ட் செயலியில் வானிலையைப் பாருங்கள். வெப்ப அலை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. பூங்கா திறந்ததுமே உள்ளே போய், கூட்டம் சேரும் பெரிய ரைடுகளை முதலில் முடித்துவிடுங்கள். மதியம் 12 முதல் 3 மணி வரை சாப்பாடு, ஓய்வு, கூரைக்குக் கீழே உள்ள விளையாட்டுகள். வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி தண்ணீருக்குப் போகலாம்.

குடிக்கிறதும் சாப்பிடுறதும்

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை எல்லோரும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடம்பில் நீர் போதவில்லை என்று அர்த்தம். மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி, அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கலக்குங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்கக் கூடாது.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சுற்றும் ரைடில் ஏறினால் வாந்திதான். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்காதீர்கள். அது மற்ற குழந்தைகளுக்கும் பரவும்.

ரைடில் ஏறும் முன்

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகு வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் வேகமான ரைடுகளைத் தவிர்க்க வேண்டும். "ஒரு இஞ்ச்தானே குறையுது, விடுங்க சார்" என்று ஊழியரிடம் வாதாட வேண்டாம். பாதுகாப்புக் கம்பி குழந்தையை இறுக்கிப் பிடிக்க அந்த உயரம் தேவை.

இந்த அறிகுறிகளைக் கவனிங்க

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, அதிக வியர்வை: இவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். உடனே நிழலில் உட்காரவைத்து ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அன்றைக்கு ஆட்டம் போதும்.

உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்து. 108-ஐ அழைத்துவிட்டு, பூங்காவின் முதலுதவி அறைக்கும் ஆள் அனுப்புங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா காத்திருக்காமல் உடைகளைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. சாதாரண உடல்நலச் சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.

கைபேசியில் ஒரு சின்ன வேலை

உள்ளே நுழைந்ததும் அன்றைய உடையோடு குழந்தையை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கூட்டத்தில் தவறிவிட்டால் ஊழியர்களிடம் காட்டலாம். உங்கள் எண்ணைக் குழந்தையின் கையில் அழியாத மையில் எழுதிவிடுங்கள். கைபேசிக்கு நீர்புகாத உறை அவசியம்.

"இவ்வளவு காசு குடுத்து வந்துட்டு, பாதியில கிளம்புறதா?" என்று தோன்றும். ஆனால் "எனக்கு முடியலம்மா" என்று குழந்தை சொன்னால் அதை அடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விட்டுப்போன ரைடில் அடுத்த முறை ஏறிக்கொள்ளலாம்.