பொட்டிபுரம் கேட்ட கேள்வி

விமர்சனம் வந்தால் காதில் போட்டுக்கொள்ளாதே, உன் வேலையைப் பார் என்றுதான் நம்மில் பலர் அறிவுரை சொல்கிறோம். அது தவறான அறிவுரை என்பதற்கு நியூட்ரினோ என்னும் நுண்துகள் பற்றிய ஆய்வின் வரலாறே சான்று. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ரேமண்ட் டேவிஸ் சூரிய நியூட்ரினோக்களை எண்ணத் தொடங்கினார். கணக்குப்படி வரவேண்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. சோதனையில்தான் கோளாறு இருக்கும் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். டேவிஸ் அந்தச் சந்தேகத்தையே ஒரு சோதனையாக்கினார். நியூட்ரினோ மோதலில் உருவாகும் ஆர்கானைத் தெரிந்த அளவில் தன் சோதனைத் தொட்டியில் தானே கலந்து, அதைத் திரும்பப் பிரித்தெடுக்க முடிகிறதா என்று பார்த்தார். முடிந்தது. குறைவுக்குக் காரணம் நியூட்ரினோக்கள் வரும் வழியில் வகை மாறுவதே என்பதை 2001, 2002ஆம் ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகம் உறுதிசெய்தது. 2002இல் டேவிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. விமர்சனத்தைச் சோதித்துப் பார்ப்பதையே நான் மனஉறுதி என்கிறேன்.

1965இலேயே கோலார் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்த மரபு நம்முடையது. அந்த மரபை மீட்க ஒரு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க நினைத்தவர்கள் முதலில் நீலகிரியின் சிங்காராவைத் தேர்ந்தார்கள். யானைகளின் வழித்தடம், முதுமலைக்கு அருகில் என்ற காரணங்களால் 2009இல் அனுமதி மறுக்கப்பட்டது. அவர்கள் துவண்டுவிடவில்லை. இடத்தை மாற்றி, போடி மேற்கு மலைக்கு, பொட்டிபுரத்துக்கு வந்தார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

இங்கேதான் சறுக்கல். மலையடிவாரத்து ஊர்களில் கேட்கப்பட்டவை நிலத்தடி நீர், பாறை வெடி, மேய்ச்சல் நிலம், அணைகள் பற்றிய கேள்விகள். திரும்பத் திரும்ப உரக்கச் சொல்லப்பட்ட பதில், நியூட்ரினோ யாருக்கும் தீங்கு செய்யாது என்பது. அது முழு உண்மை. நொடிதோறும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலைக் கடந்துபோகின்றன. ஆனால் மலையைக் குடையப்போவது நியூட்ரினோ அல்லவே! ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 132 மீட்டர் நீளக் குகை என்பதுதான் திட்டம்.

அணுக்கழிவைக் கொட்டப்போகிறார்கள் என்றெல்லாம் ஆதாரமற்ற வதந்திகள் பரவியபோது விஞ்ஞானிகள் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வெடியதிர்வு பற்றியும் நீர் பற்றியும் அவர்கள் விளக்கம் தந்ததையும் மறுக்க முடியாது. ஆனால் விளக்கம் வேறு, சோதனை வேறு. திட்டத்தை நடத்துபவரே சொல்லும் உறுதிமொழியை, கிணற்றை நம்பி வாழ்பவர் அப்படியே ஏற்க வேண்டும் என்பது, கருவியில் கோளாறில்லை, நம்புங்கள் என்று டேவிஸ் சொல்லிவிட்டுப் போவதற்குச் சமம். மேலும், எதிர்ப்பு முழுவதும் வதந்தி அல்ல. பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. கேரள எல்லையும் மதிகெட்டான்சோலை தேசியப் பூங்காவும் ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தும், கடுமையான மதிப்பீட்டுக்குத் திட்டம் உட்படவில்லை என்பதே காரணம். 2018இல் புதிய அனுமதி வந்தது. தீர்ப்பாயமும் அதை ஏற்று, வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில், புலிகளின் வழித்தடத்தைச் சுட்டி, அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இவ்வளவையும் அறிவியல் எதிர்ப்பு என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது போடிப் பகுதி மக்களுக்குச் செய்யும் அநீதி.

திட்டம் முடங்கியதால் வந்த இழப்பு சிறியதல்ல. நியூட்ரினோ நிறைகளின் வரிசை எது என்று நாமும் கேட்க நினைத்த கேள்விக்கு விடை தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு திரட்டத் தொடங்கிவிட்டது. ஆனாலும் நியூட்ரினோவையும் அதன் எதிர்த்துகளையும் காந்தப்புலத்தால் பிரித்தறிவது நம் வடிவமைப்பின் தனிச்சிறப்பு. திட்டமிட்ட 50,000 டன் கருவிக்கு முன்னோட்டமாக மதுரையில் 85 டன் சிறு கருவி அமைக்கப்பட்டது. அந்த அறிவு வீணாகவில்லை. அதை எந்த மலைக்கு எடுத்துச் சென்றாலும், சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை வெளியார் ஒருவர், ஊராரையும் உடன் வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் அளந்து, முடிவுகளை ஊராட்சியில் தமிழில் வைத்த பிறகே முதல் வெடி வைக்கப்பட வேண்டும்.