தாண்டிக்குடி ஊற்றுகளை மீட்கலாம்: ஒரு வாளி, ஒரு போன், ஒரு கிராம சபை

"மலையில இருக்கிறவங்களுக்கு என்னங்க தண்ணிக் கஷ்டம்?" என்று கீழ்நாட்டில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு, பெரும்பாறை பக்கம் இருப்பவர்களுக்குப் பதில் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். பங்குனி, சித்திரையில் அதே ஓடையில் கல்தான் தெரியும். குடிக்க, காப்பிக்கு, வாழைக்கு, சௌசௌ பந்தலுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஊற்றையும் ஓடையையுமே நம்பி வாழ்கிற ஊர்களில், ஊற்று சுருங்கினால் வாழ்க்கையே சுருங்கிவிடும்.

இது தாண்டிக்குடிக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு சரிவுகளில் விழும் மழைதான் கீழே அய்யம்பாளையம் அருகே உள்ள மருதாநதி அணைக்குப் போகிறது. புல்லாவெளி அருவி வழியாக இறங்கும் தண்ணீர், திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. பாச்சலூர் பக்கத்து வடசரிவுத் தண்ணீர், ஒட்டன்சத்திரம் அருகே பரப்பலாறு அணைக்கு. மேலே ஓர் ஓடை ஒரு மாதம் முன்னாடியே நின்றுபோனால், கீழே தென்னந்தோப்பிலும் நகரத்துக் குழாயிலும் அதன் பாதிப்பு தெரியும்.

இந்த ஊற்றுகளை மீட்க என்ன செய்யலாம், அதற்கு எந்த அரசு சேவையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்ப்போம்.

ஊற்று எப்படி வேலை செய்யுது?

மலையில் பெய்யும் மழை இரண்டு வழியில் போகும். ஒரு பங்கு மேலாக ஓடி, சில மணி நேரத்திலேயே ஓடை வழியாகக் கீழே போய்விடும். இன்னொரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகள் வழியாக மெதுவாக நகர்ந்து, சரிவில் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வெளியே வரும். அதுதான் ஊற்று. சித்திரையில் நீங்கள் குடத்தில் பிடிப்பது, போன கார்த்திகையில் மண்ணுக்குள் இறங்கிய மழையாக இருக்கலாம்.

அப்படி மழையைப் பிடித்து உள்ளே இறக்குவது சோலைக்காடும், புல்வெளியும், சருகு மூடிய மண்ணும். பழனி மலையில் இந்த அமைப்பு பெரிய அளவில் மாறிவிட்டது. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 1973-க்கும் 2014-க்கும் இடையில் இந்த மலையின் உயர்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. அந்த இடத்தில் சீகை, யூகலிப்டஸ், பைன் மரத்தோட்டங்களும் விவசாயமும் வந்துவிட்டன. இந்தப் புல்வெளிகள் பெரும்பாலும் மேல்மலையில் இருந்தவை. கீழ்மலையில் நடப்பது வேறு மாதிரி: ஓடைக்கரை வரை சாகுபடி, பலவகை நிழல்மரங்களுக்குப் பதிலாக சில்வர் ஓக் மட்டும், சருகை வாரி வெளியேற்றுவது, சாலை வெட்டி ஓடையைத் திருப்பிவிடுவது. இவற்றால் மழை உள்ளே இறங்குவது குறையும், மேலாக ஓடுவது கூடும்.

"சரி, போர் போட்டுக்கலாமே?" என்று தோன்றும். பழனி மலை கடினப் பாறை மலை. தண்ணீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும்தான். ஊற்றுக்கு வரும் வெடிப்பையே ஆழ்துளைக் கிணறும் தொட்டுவிட்டால், அது புதுத் தண்ணீர் இல்லை. ஊற்றுக்கு வர வேண்டிய தண்ணீரை முன்னாடியே எடுப்பதுதான். அதோடு, மலைப்பகுதியில் ஆழ்துளைக் கிணறு போடவும், மண் அள்ளும் இயந்திரம் இறக்கவும் கட்டுப்பாடுகள் உண்டு. அனுமதி வாங்காமல் ஆரம்பிக்காதீங்க.

முதல் வேலை: ஊற்றை அளங்க

"தண்ணி கொறைஞ்சு போச்சு" என்று சொன்னால் எந்த அலுவலகத்திலும் வேகமாக எதுவும் நடக்காது. "போன மாசம் நிமிஷத்துக்கு 30 லிட்டர் வந்தது, இப்போ 6 லிட்டர்" என்று சொன்னால் பேச்சே வேறு. அளப்பதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

1. 10 லிட்டர் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க. ஊற்று நீர் முழுவதும் ஒரு குழாய் அல்லது மூங்கில் வழியாக வாளியில் விழும்படி செய்யுங்க.
2. போனில் உள்ள ஸ்டாப்வாட்ச் மூலம், வாளி நிறைய எத்தனை விநாடி என்று பாருங்க. மூன்று முறை அளந்து சராசரி எடுங்க.
3. ஊற்றின் இடத்தை மேப்பில் குறித்துச் சேமியுங்க. ஒரு போட்டோவும் எடுங்க. சிக்னல் இல்லையென்றால் பரவாயில்லை, மேலே வந்ததும் அனுப்பலாம்.
4. மாதம் ஒரு முறை, அதே தேதியில், அதே இடத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்க.

கணக்கு இப்படி வரும். கார்த்திகையில் வாளி 20 விநாடியில் நிறைகிறது என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர், ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். ஊரகக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆக, இந்த ஊற்று 785 பேருக்குப் போதும். சித்திரையில் அதே வாளி நிறைய 100 விநாடி ஆனால், ஒரு நாளைக்கு 8,640 லிட்டர்தான். 157 பேருக்கு மட்டும்.

இப்போது இன்னொரு கணக்கு. மாசி, பங்குனியில் காப்பி பூக்க வேண்டிய மழை வரவில்லை என்றால், ஸ்பிரிங்க்ளர் போட்டுவிடலாம் என்று பல பேர் நினைப்போம். ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குல மழைக்கு ஈடாகத் தண்ணீர் விட, ஒரு லட்சம் லிட்டருக்கும் மேலே வேண்டும். அந்தக் கோடை ஊற்றின் 12 நாள் தண்ணீர் அது. 157 பேரின் 12 நாள் குடிநீர் என்றும் சொல்லலாம். யார் மேலும் தப்பு சொல்வதற்காக இந்தக் கணக்கு இல்லை. காப்பியும் வேண்டும், குடிநீரும் வேண்டும். இரண்டையும் கோடை ஊற்றிலிருந்தே எடுக்க முடியாது, அவ்வளவுதான். தோட்டத்துக்கான தண்ணீரை மழைக்காலத்திலேயே பண்ணைக்குட்டையில் சேர்த்துவைப்பதே இதற்கு வழி.

இரண்டாவது வேலை: மேலே மழையைப் பிடிங்க

ஊற்று இருக்கும் இடத்தில் தொட்டி கட்டினால் ஊற்று பெருகாது. அதற்கு மேலே, மழை உள்ளே இறங்கும் இடத்தில்தான் வேலை செய்யணும்.

* சரிவுக்குக் குறுக்கே, ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று வராமல் மாற்றி மாற்றிச் சிறு குழிகள். 2 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் உள்ள குழியில் 500 லிட்டர் நிற்கும். நூறு குழி என்றால், ஒரு நல்ல மழைக்கு 50,000 லிட்டர். மழைக்காலத்தில் அது பல முறை நிறைந்து வடியும்.
* சிற்றோடைகளில் கிடைக்கும் கற்களை அடுக்கிக் கல் தடுப்புகள். இவை தண்ணீரை முழுதாகத் தேக்காது, வேகத்தைக் குறைக்கும், மண்ணைப் பிடிக்கும்.
* ஓடையின் இரு கரையிலும் உழாமல் ஒரு பட்டை விட்டு, நாவல் போன்ற உள்ளூர் மரங்கள். யூகலிப்டஸ், சீகை வேண்டாம்.
* காப்பிக்குள் சருகை அப்படியே விடுங்க. நிழலுக்கு ஒரே வகை மரம் வைக்காமல் பலா, கல்யாண முருங்கை என்று கலந்து வையுங்க.

ஒரு எச்சரிக்கை. ரொம்பச் செங்குத்தான சரிவிலும், ஏற்கெனவே மண் சரிந்த இடத்திலும், வீடுகளுக்கு நேர் மேலேயும் குழி வெட்டாதீங்க. அங்கே தண்ணீரை நிறுத்தினால் நிலச்சரிவு வரலாம். அந்த இடங்களில் மரமும் புல்லும் மட்டும். வேளாண் பொறியியல் துறையினரிடம் இடத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. மேற்பகுதி வனத்துறை நிலமாக இருந்தால், வனத்துறை மூலமாக மட்டுமே வேலை செய்ய முடியும்.

இது நடக்குமா என்று சந்தேகம் வேண்டாம். சிக்கிம் மாநிலத்தில் 2008-ல் தொடங்கிய 'தாரா விகாஸ்' திட்டத்தில், ஊரக வேலைத் திட்டத்தின் மூலமே ஊற்றுகளுக்கு மேல் சரிவுகளில் குழிகள் வெட்டி, வற்றிய ஊற்றுகளையும் ஏரிகளையும் மீட்டார்கள். நம்ம வேலூர், திருவண்ணாமலை பக்கத்தில் நாகநதியை மீட்க ஆயிரக்கணக்கான பெண்கள் நூறு நாள் வேலையில் உறைகிணறுகளும் தடுப்புகளும் அமைத்தார்கள்.

மூன்றாவது வேலை: எடுப்பதை முறைப்படுத்துங்க

* ஊற்றில் போட்ட ஹோஸ் முனையில் வால்வு வையுங்க. தொட்டி நிறைந்தபின் வழிந்தோடும் தண்ணீர் ஓடைக்கே திரும்பட்டும்.
* ஓடையை முழுதாக மறித்து எடுக்காதீங்க. கீழே இருக்கும் குடியிருப்புக்கும், காட்டுமாட்டுக்கும் அதுதான் தண்ணீர்.
* காப்பி பல்பர் கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீங்க. குழி வெட்டித் தனியாக விடுங்க. அந்தக் கழிவு கலந்தால், இருக்கிற தண்ணீரும் குடிக்க உதவாது. தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் பல்பர்கள் பற்றி தாண்டிக்குடியில் உள்ள காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம்.
* கூரை மழைநீரை விடாதீங்க. 1,000 சதுர அடி கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 929 லிட்டர். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம்.

எந்தச் சேவை, எங்கே?

ஓடை யாருடையது என்று பார்க்க: வருவாய்த் துறையின் நில ஆவண இணையதளத்தில், மாவட்டம், வட்டம் (கொடைக்கானல்), கிராமம், சர்வே எண் கொடுத்தால் 'அ' பதிவேடு விவரம் பார்க்கலாம். அது புறம்போக்கு நிலமா என்றும் சரிபார்க்கலாம். பட்டா, சிட்டா, புல வரைபடம் ஆகியவையும் அங்கேயே கிடைக்கும். ஓடை ஆக்கிரமிப்பு பற்றி மனு கொடுக்கும்போது சர்வே எண் இருந்தால்தான் விசாரணை சீக்கிரம் நடக்கும்.

சொட்டுநீர், தெளிப்புநீர் மானியம்: 'உழவன்' செயலியில் பதிவு செய்யுங்க. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம், அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்குள் மானியம். சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ தயாராக இருக்கட்டும்.

சிறு, குறு விவசாயி சான்று: இ-சேவை மையத்தில் அல்லது இ-சேவை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 5 ஏக்கர் வரை சிறு விவசாயி, 2.5 ஏக்கர் வரை குறு விவசாயி.

குழிகள், கல் தடுப்பு, பண்ணைக்குட்டை: நூறு நாள் வேலை என்று நாம் பழகிய ஊரக வேலைத் திட்டத்தில் நீர்ப் பாதுகாப்புப் பணிகளுக்கு இடம் உண்டு. ஆனால் பணிப் பட்டியலில் உங்க ஊற்று இடம்பெற, கிராம சபையில் கேட்கணும்.

குடிநீர் வரவில்லை, மனுவுக்குப் பதில் இல்லை: 'முதல்வரின் முகவரி' உதவி எண் 1100. பதிவு செய்ததும் வரும் மனு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. அதை வைத்து மனு எந்த நிலையில் இருக்கு என்று பார்க்கலாம்.

கிராம சபையில் என்ன பேசணும்?

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலக தண்ணீர் தினம். ஊற்று சுருங்கி நிற்கும் நேரமும் அதுதான். அன்றைக்கு உங்க அளவு நோட்டைக் கொண்டுபோய் மூன்று தீர்மானம் கேட்கலாம்:

1. ஊராட்சியில் உள்ள எல்லா ஊற்று, ஓடைகளின் பட்டியல், இடக்குறிப்போடு.
2. எந்த ஊற்றுக்கு மேலே குழிகளும் தடுப்புகளும் முதலில் வேணும் என்ற வரிசை. பளியர், புலையர் குடியிருப்புகள் நம்பியிருக்கும் ஊற்றுகள் முதலிடத்தில் வரட்டும். மலையின் சுனைகளை அவர்கள் அளவுக்குத் தெரிந்தவர்கள் இல்லை, அவர்களையும் கூட்டிப் போய் இடம் பாருங்க.
3. கோடையில், குடிநீர்த் தேவை தீர்ந்த பிறகே தோட்டத்துக்கு என்ற விதி. எத்தனை மணிக்கு எந்த வால்வு திறக்கலாம் என்பதைச் சபையே முடிவு செய்து எழுதட்டும்.

தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்க. பேசியது பதிவாகவில்லை என்றால் பணிப் பட்டியலிலும் வராது.

பலன் ஒரே மழையில் தெரிந்துவிடாது. இந்த ஐப்பசிக்கு முன் வெட்டும் குழிகளுக்கு அடுத்த சித்திரையில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம், மரம் வளர இன்னும் சில வருஷம் ஆகும். அதனால்தான் மாதா மாதம் அளப்பது முக்கியம். வாளி நிறைய 100 விநாடி ஆனது, அடுத்த கோடையில் 80 ஆனால், வேலை பலன் தருகிறது என்று அர்த்தம். ஆகவில்லை என்றால், எங்கே தவறு என்று சபையில் பேச உங்களிடம் கணக்கு இருக்கும். வர்ற ஞாயிற்றுக்கிழமை வாளியோடு ஊற்றுக்குப் போய், முதல் அளவை எழுதுங்க.