தோலும் ஆறும்

காட்பாடியிலிருந்து பாகாயம் வரும் டவுன் பஸ் பாலாற்றுப் பாலத்தின் மேல் ஏறும்போது, ஜன்னலோரம் அமர்ந்திருப்பவர்கள் தம்மையறியாமல் கீழே எட்டிப் பார்ப்பார்கள். அங்கே பெரும்பாலும் மணலும் வேலிகாத்தான் முள்ளும்தான் உண்டு. ஆயினும் பார்க்கிறோம். பாலம் என்றால் கீழே தண்ணீர் இருக்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை போலும்!

ஊரின் பாரம்பரியம் என்று யாரேனும் பேச்செடுத்தால், வேலூர்க்காரர்களாகிய நாம் உடனே கோட்டையைச் சுட்டிக் காட்டுவோம். அது நியாயமே. 1857க்கு அரை நூற்றாண்டு முன்பே, 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் அந்நியரை எதிர்த்து எழுந்த இடம் அது. நெடுங்காலம் மூலவர் இன்றிக் கிடந்த ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் 1981ஆம் ஆண்டு மீண்டும் லிங்கம் நிறுவப்பட்டதைப் பெரியவர்கள் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். அக்கோட்டையின் கல் ஒன்றைப் பெயர்த்தால் தொல்லியல் துறை கேள்வி கேட்கும். ஆற்றின் மணலையும் நீரையும் நம் பாட்டனார்தாம் விட்டுச் சென்றார்கள். அவற்றைப் பெயர்த்தபோது கேட்டவர் யார்? கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கதையையே இங்கு சொல்ல வந்தேன்.

கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா வழியே சென்று கல்பாக்கத்திற்கு அருகே வயலூரில் கடலோடு கலக்கிறது. அதன் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. ஆண்டில் சில நாட்களே மேலே ஓடும் ஆறு இது. ஆனால் வற்றிய ஆறு என்று சொல்லிவிடக் கூடாது. மணலுக்கடியில் ஆண்டு முழுவதும் ஓடிக் கொண்டிருந்தது. மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடித்தார்கள். ஊற்றுக்கால் வெட்டி நெல்லும் கரும்பும் விளைவித்தார்கள். சினம் கொண்டால் அதன் குணமே வேறு. 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் புரட்டிப் போட்ட வெள்ளமும், 2021 நவம்பரில் நாமே கண்ணால் கண்ட வெள்ளமும் அதற்குச் சான்று.

என் ஆயாவின் ஊர் ஆம்பூருக்குக் கீழே, ஆற்றங்கரையை ஒட்டியது. தென்னந்தோப்பும் ஒரு கிணறும் இருந்தன. ஆயா மணமாகி வந்த காலத்தில் அந்தக் கிணற்று நீரில்தான் பருப்பு நன்றாக வேகும் என்று பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்து சேந்திக் கொண்டு போவார்களாம். பிறகு மேற்கே தோல் ஷெட்டுகள் பெருகின. முதலில் பருப்பு வேகவில்லை. அப்புறம் துணி வெளுக்கவில்லை. பிறகு தென்னை குரும்பை உதிர்த்தது. "கடைசியில மாடே மூஞ்சத் திருப்பிக்கிச்சுடா" என்று ஆயா சொல்லும்போது அதன் குரலில் கோபம் இராது, வியப்புதான் இருக்கும்.

தோல் பதனிடுவது நம் பகுதிக்குப் புதிய தொழிலன்று. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் ஊற வைத்துப் பதனிட்டார்கள். தோலைப் பாதி பதனிட்டு அனுப்புவதற்குப் பதிலாக முழுமையாக முடித்து ஏற்றுமதி செய்தால் வருவாய் கூடும் என்று 1970களில் அரசு கொள்கை வகுத்தது. அதன் பின் குரோம் முறை விரைவாகப் பரவிற்று. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. வேகத்திற்கு விலை உண்டல்லவா?

வேதியியல் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பைக் கொட்டி வைப்பார்கள். ஷெட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதை நீரில் ஊற வைப்பது; உப்பு முழுவதும் அந்த நீரில் இறங்கிவிடும். அடுத்து, முடி நீங்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ப்பார்கள்; மூக்கைத் துளைக்கும் அந்த அழுகிய முட்டை நாற்றம் இங்கிருந்துதான் வருகிறது. அதன்பின் அமிலம், அதன்பின் குரோமியம் உப்பு. போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் ஏற்கும். மிச்சம் கழிவுநீரோடு போகும். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. குரோமியத்தை மீட்டெடுக்கலாம், அழுகும் பொருள்களை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கலாம். ஆனால் கரைந்த உப்பு இருக்கிறதே, அது சாதாரண சுத்திகரிப்புக்கு அசைவதில்லை. எதிர்ச் சவ்வூடு முறையில் பிரித்து, எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றச் செய்ய வேண்டும். அதற்கு மின்சாரமும் பணமும் ஏராளம் தேவை. எங்கள் ஆயாவின் கிணற்றைக் கெடுத்தது இந்த உப்பேயாகும்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. எம்.சி.மேத்தா வாதாடினார். தோல் ஷெட்டுகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்று வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டறிந்தது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது.

இன்று சட்டம் பயிலும் மாணவர் எவரும் படிக்காமல் தப்ப முடியாத தீர்ப்பு அது. சூழலுக்குக் கேடு வரும் என்ற அச்சம் இருந்தால், அறிவியல் முழு உறுதி தரும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். கேடில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோரையே சாரும். கெடுத்தவரே, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தருவதுடன் கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பன அதன் சாரம். இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவு செய்து கொள்கையில் வருந்தலைமுறையின் வாய்ப்பைப் பறிக்கலாகாது என்ற, 1987இல் பிரண்ட்லண்ட் குழு உலகுக்குச் சொன்ன கருத்தை நம் நாட்டுச் சட்டத்தோடு பிணைத்ததும் அத்தீர்ப்பே. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் டில்லிவரை போய் ஒரு நாட்டுக்கே சட்டமாயிற்று. இதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள இயலவில்லை. தீர்ப்பின்படி அமைந்த சூழலிழப்பு ஆணையம் 2001 மார்ச் 7ஆம் நாள் 29,000க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு கூறியது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எனினும் 2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அடுத்த ஷெட்டில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டார்கள். 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச் சென்ற லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு அதே ஊரில் மலையாகக் கிடந்தது. இறுதியில் 2025 ஜனவரி 30ஆம் நாள் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் ஆகியோர், எஞ்சிய இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டுக் கெடுத்தவரிடமிருந்து அதை வசூலிக்குமாறு அரசைப் பணித்து, ஆற்றைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டார்கள். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. அந்தத் தலைமுறையில் நானும் ஒருவன்.

இந்த இடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆயாவின் மகனாகிய அவர், தோப்பு பட்டுப் போனபின் ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டில் வேலைக்குப் போனார். இருபது ஆண்டுகளாகிறது. சுண்ணாம்பு தின்ற அவர் விரல்களை நான் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். என் கல்விச் செலவில் பாதி அவருடையது. இக்கட்டுரைக்காக நான் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தபோது ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "ஏம்பா, ஷெட்ட மூடணும்னு எழுதப் போறியா? பாலாறா வந்து உனக்கு ஃபீஸ் கட்டுது?" என்றார்.

"மூடணும்னு எழுதல மாமா. உப்ப ஆத்துல விடக் கூடாதுன்னுதான் எழுதறேன்."

"அத மொதலாளிகிட்ட சொல்லு. எங்கிட்ட இன்னாத்துக்கு?" என்று சிரித்தார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. நீரைக் குறைத்துத் தோல் பதனிடும் முறைகளைச் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்துத்தான் இருக்கிறது. அவற்றைக் கையாளும் செலவு, கூலியைக் குறைப்பதால் ஈடுகட்டப்படக் கூடாது என்பதை நான் மாமாவிடமிருந்தே கற்றேன்.

பாகாயத்திற்குத் தெற்கே, கணியம்பாடிப் பக்கம் போனால் வேறொரு காட்சி. ஜவ்வாது மலையிலிருந்து வரும் நாகநதி பல ஆண்டுகளாக வறண்டு கிடந்தது. 2014 முதல் நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் ஆற்றுப்படுகையில் நீர் செறிவூட்டும் கிணறுகளை நூற்றுக்கணக்கில் வெட்டி, நிலத்தடி நீரை மேலே கொண்டு வந்தார்கள். கூடையும் மண்வெட்டியுமே அவர்களது கருவிகள். பட்டம் பெற்றவர் எவரும் அந்தக் குழியில் இறங்கி மண் சுமந்ததாகத் தெரியவில்லை! ஆற்றுநீர் வற்றியது வேறு. ஆற்றுநீர் கெட்டது வேறு. முன்னதை மண்வெட்டி கொண்டு சரி செய்யலாம். பின்னதற்கு அது போதாது.

2021 வெள்ளத்தில் ஆயாவின் கிணறு விளிம்புவரை நிறைந்தது. ஊரே வந்து பார்த்தது. கல்லூரியில் சேர்ந்த பின், சென்ற கோடையில், அந்தக் கிணற்று நீரை ஒரு புட்டியிலும் பாகாயத்து எங்கள் தெருக் கிணற்று நீரை மற்றொரு புட்டியிலும் எடுத்து வந்து நம் ஆய்வுக்கூடத்தில் குளோரைடு கண்டறிந்தேன். பியூரெட்டில் வெள்ளி நைட்ரேட்டு. நிறங்காட்டி, வேடிக்கை பாருங்கள், பொட்டாசியம் குரோமேட்! எங்கள் தெரு நீருக்குச் சிறிது நேரத்தில் செங்கல் நிறம் வந்துவிட்டது. ஆயாவின் நீருக்கு பியூரெட்டை இருமுறை மீண்டும் நிரப்ப வேண்டியதாயிற்று. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது நன்று. வேறு நீரே கிடைக்காவிடில் 1000 வரை பொறுக்கலாம் என்பது நம் நாட்டு அளவுகோல். ஆயாவின் கிணறு அந்த ஆயிரத்தையும் தாண்டி நின்றது.

முடிவை ஆயாவிடம் சொன்னேன். எண் எதுவும் அதற்குப் புரிந்திருக்காது. "முன்னைக்கு இப்ப கொஞ்சம் தேவலையா?" என்று மட்டும் கேட்டது. முன்பு எவ்வளவு என்று யாரும் அளந்து வைக்கவில்லையே என்றேன். "அப்ப இப்பவே எழுதி வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, ஒரு வாளி சேந்தித் தோப்பில் மிச்சமிருக்கும் ஒற்றைத் தென்னைக்கு ஊற்றப் போய்விட்டது.